நாலடி இரண்டு அங்குலத்துக்கான காரணம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு படிவத்திலிருந்து வந்தது. வீடு கட்ட அனுமதி கேட்கிறவர் விதியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பதென்றால், பிரதேச சபையில் அதற்கென்று தனிப் படிவம் தருகிறார்கள். தளர்வு கோரும் விண்ணப்பம் என்று பேர். பதினாறு கேள்விகள். பதினான்காவது கேள்வி: 'தளர்வு கோருவதற்கான காரணம்.' அதன் கீழே இரண்டரை வரி இடம். அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'போதாவிடின் மேலதிகத் தாள் இணைக்கவும்.'

இது அந்த மேலதிகத் தாள்.

படிவத்தை நிரப்ப வேண்டியவன் பேர் றொபின்சன். வயது முப்பத்துமூன்று. பட்டதாரி. பதுளையில் ஓர் அலுவலகத்தில் மழையை அளந்து எழுதுகிற வேலை. காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து இத்தனை மில்லிமீற்றர் என்று பதிவான். மழை பெய்யாத நாளில் 'இல்லை' என்று எழுத வேண்டும். வெறுமனே விடக் கூடாது. மனைவி ஜெசிந்தினி இரண்டு வருடத்துக்கு முன் பதினொரு நாள் காய்ச்சலில் இறந்தாள். பிள்ளைகள்: இல்லை.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். நான் றொபின்சன் அல்ல. எழுதுகிறவனுக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் குறைந்தது பதினைந்து மீற்றர் வெற்றிடம் விட வேண்டும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி. நான் விதிகளை மதிக்கிறவன்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'ஏரியின் மேல் பனி மூடியிருந்த ஒரு காலைப் பொழுதில் அவன்

கைவிட்டேன். முதலாவது, அது ஏரி அல்ல. லுணுகலைக்கு மேலே, மடுல்சீமைப் பக்கத்தில், குளத்துத்தோட்டம் என்று ஒரு தேயிலைத் தோட்டம். அதற்கு இங்கிலீஷில் வேறு பேர் இருக்கிறது. அது ஃபெக்டரிக் கூரையில் மட்டும் உயிரோடிருக்கிறது. ஃபெக்டரிக்கு மின்சாரம் எடுக்க அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை ஓடையை மறித்தான். தேங்கிய தண்ணீருக்குக் குளம் என்று பேராயிற்று. எதிர்க்கரையில் ஹோட்டல் வந்த பிறகுதான் அது ஏரியானது. இரண்டாவது, பனி மூடும் எந்த அதிகாலையிலும் அவன் அங்கே இருந்ததில்லை. காலையில் அவனுக்கு மழைமானி இருக்கிறது.

'காணிக்காக நூற்றைம்பது ஆண்டுகள் காத்திருந்த ஒரு சமூகத்தின்

இதையும் கைவிட்டேன். சொல்வது உண்மைதான். ஆனால் இந்த வாக்கியத்துக்கு ஒலிவாங்கி வேண்டும், முன்வரிசையில் நாற்காலி வேண்டும், முடிவில் பொன்னாடை வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு தாள்.

மூன்றாவது தொடக்கம் இப்படி:

அந்தோனியம்மா முப்பத்தெட்டு வருடம் கொழுந்து பறித்தார். ஓய்வு பெற்றதும் வீட்டுத் திட்டத்தில் அவருக்கு ஏழு பேர்ச்சஸ் காணி கிடைத்தது. சீட்டுக் குலுக்கித்தான் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ரோட்டோரம் விழுந்தது. அவருக்கு விழுந்தது குளத்துக் கரைச் சரிவு. தேயிலையே வேண்டாம் என்று தோட்டம் கைவிட்ட இடம். நிற்க ஒரு கால் மடக்க வேண்டும், ஒரு கால் நீட்ட வேண்டும்.

"அங்க ஆடுதான் குடியிருக்கும்" என்று லயத்து வரிசை வீடுகளில் சிரித்தார்கள்.

"ஆட்டுக்குத் தண்ணி பக்கத்துலயே இருக்குல்ல?" என்றார் அந்தோனியம்மா.

அவருடைய ஒரே மகள் ஜெசிந்தினி. மருமகன் றொபின்சன், விண்ணப்பம் அவன் பேரில். வீடு மூவருக்கும் என்று பேச்சு. இப்போது இருவருக்கு. அத்திவாரம் இந்த டிசம்பருக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் காணி திட்டத்துக்கே திரும்பிவிடும், அந்தோனியம்மா மழைக்கு மூன்று சட்டி வைக்கிற அதே லயத்து அறையில் இருந்துகொள்ள வேண்டியதுதான். இதை எழுதும்போது ஒக்டோபர்.

இந்தத் தொடக்கம் நிற்கும் என்று நினைக்கிறேன். சரிவில் நிற்பதைவிட நன்றாக நிற்கிறது.

3

விதி ஒன்றுதான். தண்ணீர் விளிம்பிலிருந்து பதினைந்து மீற்றருக்குள் சுவர் எழும்பக் கூடாது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, தாயும் மகளும் முளை அடிக்கப் போனார்கள். றொபின்சன் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான். நாடா யாரிடமும் இல்லை. அந்தோனியம்மாவுக்கு நாடா தேவையும் இல்லை. தேயிலை மலையில் ஆளுக்கொரு நிரை கொடுப்பார்கள், நிரைக்கும் நிரைக்கும் நடுவில் நாலடி. முப்பத்தெட்டு வருடமாக அவர் உலகத்தை அப்படித்தான் அளந்தார். கோயில் முப்பது நிரை தூரம். தண்ணீர் பிடிக்கிற பீலி ஒன்பது நிரை. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைப் பார்த்து, "ஒன்றர நெர ஒசரம் இருப்பாரு" என்றவர்.

கைவிட்ட சரிவில் பழைய தேயிலைத் தூர்கள் இன்னும் வரிசையாக இருந்தன. குளம் நிரம்பி நின்ற விளிம்பிலிருந்து மேல்நோக்கி எண்ணினார்கள். பதினைந்து மீற்றர் என்றால் நாற்பத்தொன்பது அடியும் சொச்சமும். அது பன்னிரண்டு நிரையும் சொச்சமும். பதின்மூன்றாக வைத்தார்கள். ஐம்பத்திரண்டு அடி.

"மூணடி கவுன்சிலுக்கு சும்மா குடுக்குறோம்" என்றாள் ஜெசிந்தினி. நாலு மூலைக்கும் நாலு முளை. அவளே அடித்தாள். றொபின்சன் சுத்தியலைக் கொடுத்தான், வாங்கினான், கொடுத்தான்.

இனிப் பிழைக்கு வருகிறேன். இது தேயிலை மலையில் பிறந்தவர்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. அவர்கள் எண்ணியது மலையின் முதுகில். சட்டத்துக்கு முதுகு கிடையாது. அது எல்லாவற்றையும் மட்டமாக வைத்துத்தான் அளக்கும். சரிவு முப்பது பாகை. முதுகில் ஐம்பத்திரண்டு அடி, மட்டத்தில் நாற்பத்தைந்து. குறை: நாலடி இரண்டு அங்குலம்.*

* சந்தேகமுள்ள வாசகர் 52ஐ கோசைன் 30ஆல் பெருக்கிப் பார்க்கலாம். பெருக்கத் தெரியாதவர் ஜெசிந்தினியிடம் கேட்டிருக்கலாம். லுணுகலைப் பள்ளிக்கூடமொன்றில் சாதாரண தரப் பரீட்சை வகுப்புக்குக் கணிதம் படிப்பித்தாள். முக்கோணம் அவளுக்குச் சொந்த ஊர் மாதிரி.

4

பிழையைக் கண்டுபிடித்தவர் இன்ஸாப். பதுளையில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் வீட்டுப் படம் வரைகிறவர். மேசையில் எப்போதும் பாதி குடித்த பிளேன்டீ. சர்வேயர் கொடுத்த வரைபடத்தை விரித்து வைத்து, அளவுகோலால் இரண்டு முறை தட்டினார்.

"சேர், ஊட்டுல யாரு கணக்கு வாத்தியார்?"

"என் மிஸ்ஸிஸ்."

"அப்ப கேட்டு சொல்லுங்களே, இது என்னா கணக்குன்னு."

அவள் இறந்தது இன்ஸாபுக்குத் தெரியாது. பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டார், அன்று முதல் படத்துக்குக் காசு பேசுவதை நிறுத்தினார். அது வேறு கதை, இதில் வராது.

"ஒண்டுமில்ல சேர். வீட்ட நாலரடி மேல ஏத்துவோம். மேல எடம் இரிக்கி. ரப்பர் எடுத்து அழிச்சி, கீறி, அஞ்சு நிமிஷம்."

"வேணாம்."

"ஏன், மேல பாறையா?"

"இல்ல."

"ரோட்டுக் கோடு இடிக்குதா?"

"இல்ல."

"பொறகு?"

"முளை அடிச்சாச்சு."

இன்ஸாப் பிளேன்டீயைக் குடித்து முடித்தார். "முளைதானே சேர்? அந்தோனியார் சிலைய நட்ட மாதிரிப் பேசுறீங்களே!" பிறகு, இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று கண்டவராக, இழுப்பறையிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்துக் கொடுத்தார்.

5

சபையில் திட்டமிடல் பகுதிக்குப் பொறுப்பாக இருப்பவர் ஷம்ரா. பண்டாரவளைக்காரர். கோப்பை முழுதாக வாசித்துவிட்டுப் பேசுகிறவர். இந்தக் கதையில் வில்லன் வேண்டும் என்பதற்காக அவரைக் கொஞ்சம் கடுகடுப்பாக எழுதிப் பார்த்தேன். ஒத்துழைக்கவில்லை. றொபின்சன் உட்கார்ந்த நாற்காலி ஆடியதைப் பார்த்து, எழுந்து போய் வேறு நாற்காலி கொண்டுவந்து போட்டார். இப்படிப்பட்டவரை வைத்து எப்படி வில்லத்தனம் செய்வது?

"சேர், பதினாலு வெறுமையா இரிக்கே."

"யோசிக்கிறேன் மிஸ்."

"ஏழு மாசமாவா?"

"காரணம் கட்டாயம் வேணுமா?"

"காரணம் இல்லாம நான் கமிட்டிக்கு வைக்க ஏலாது. பாறை இரிக்கு, பக்கத்து வேலி இரிக்கு, தண்ணிக் குழாய் போகுது... எதாச்சும் ஒண்டு. ஒங்கட காணியில ஒண்டுமே இல்ல. மேல தள்ளினா தளர்வே தேவல்ல. நானே நாளைக்கு சைன் வைப்பேன்."

"எதிர்க்கரையில ஹோட்டல் கபானாக் குடில் தண்ணியிலயே கால் வச்சிருக்கே, மிஸ்?"

ஷம்ரா பேனாவைக் கீழே வைத்தார். "அது தற்காலிகக் கட்டுமானமாம். கழட்டி எடுக்கலாமாம். ஒம்பது வருஷமா கழட்டப் போறாங்க." குரலைத் தாழ்த்தினார். "அவங்கட பதினாலாம் கேள்விக்கு எத்தனை பக்கம் தெரியுமா? இருபத்திரண்டு. கலர்ல."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது றொபின்சன் எழுதி எழுதி அடித்தவை:

மேற்படி காணியின் மேற்பகுதியில் மண் உறுதியற்றதாகக் — பொய். மண் அறிக்கை கையில் இருக்கிறது, பதினொரு மாதம் எடுத்து வந்தது, மேற்பகுதியை அது புகழ்கிறது.

முதிய பெண்ணொருவரின் முழங்கால் நலன் கருதி — கீழே போகப் போகத்தான் முழங்கால் கெடும்.

சமையலறை யன்னலிலிருந்து குளம் தெரிவதற்கு — போய் நின்று பார்த்தான். நாலரை அடி மேலே நின்றால் இன்னும் நன்றாகத் தெரிகிறது. இது கதைக்கு உதவாது, இந்த வரியை வெட்டிவிடுகிறேன். (வெட்டவில்லை.)

ஏனெனில் அவள்

6

[ஒதுக்கு நிலம். விளிம்பிலிருந்து பதினொரு நாள் அகலம். இங்கே எதுவும் கட்டக் கூடாது.]

7

கதை கனக்கிறது. தம்பையாவைக் கூப்பிடலாம்.

தம்பையா குளத்து மதகுக்காரர். ஃபெக்டரி மின்சாரம் எப்போதோ நின்றுவிட்டது. ஆனால் மதகுக்கு ஆள் வேண்டும் என்று யாரோ எப்போதோ எழுதிவைத்ததை யாரும் அழிக்கவில்லை. ஆகவே தம்பையா இருக்கிறார். றொபின்சனை அவர் மழைத்தொர என்றுதான் கூப்பிடுவார்.

"மழைத்தொர, எத்தன அடி கொறையுது?"

"நாலடி ரெண்டு அங்குலம்."

"அட, இம்புட்டுத்தானா? வீட்ட ஏன் மேல ஏத்துறீங்க? கொளத்தக் கீழ எறக்குவோம்!"

றொபின்சன் கணக்குப் போட்டான். அவனையறியாமல்தான். இந்தச் சரிவில் விளிம்பு நாலடி இரண்டு அங்குலம் விலக, தண்ணீர் இரண்டடி ஐந்து அங்குலம் இறங்க வேண்டும்.

"எத்தனை மணித்தியாலம் திறக்கணும்?"

"காலைல தெறந்தா மத்தியானத்துக்குள்ள எறங்கிரும். அந்த மிஸ் வந்து அளந்துட்டுப் போகட்டும். பொறகு மூடிட்டு வேண்டிக்குவோம், மழ பெய்யணும்னு. மழ ஒங்க கையிலதான இருக்கு?"

"நான் அளக்கிறது மட்டும்தான்."

"அதானே, பெய்ய வைக்கத் தெரிஞ்சா ஒங்கள ஏன் பதுளையில வச்சிருக்கான்."

திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஒரே குறை, அளப்பது தண்ணீரிலிருந்து அல்ல. குளம் நிரம்பினால் எது வரை வரும் என்று கரையோரம் ஒரு கல்லில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். அதிலிருந்துதான் அளப்பார்கள். றொபின்சன் இதைச் சொன்னான். தம்பையா தாடையைச் சொறிந்தார்.

"அப்ப ஒரு சின்ன டின் வெள்ளப் பெயின்ட் போதும்."

இருவரும் சிரித்தார்கள். றொபின்சன் சிரித்து எத்தனையோ மாதம். அவனுக்கே அது இருமல் போலக் கேட்டது.

8

இந்த இடத்தில் என் நாயகன் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.

மனைவி அடித்த முளைகளை அசைக்க மாட்டேன் என்கிறான். சரி, வாசகர் உருகுவார். ஆனால் ஒரு மாமியார் இருக்கிறார். மழைக்கு மூன்று சட்டி வைக்கிறார். இப்போது நாலு. இவன் நாலு குச்சிகளுக்காக அவருடைய வீட்டை டிசம்பர் வரை இழுத்தடிக்கிறான். இவன் நல்லவனா? நான் எழுதியதால் நல்லவன் போலத் தெரிகிறான், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு, லயத்தில், அந்தோனியம்மா சட்டித் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு வந்தார்.

"மாப்ள, மழை எவ்வளவு பேஞ்சுச்சு?"

"நாப்பத்திரண்டு மில்லிமீற்றர், அத்த."

"எனக்கு மூணேகால் சட்டி." வெறுஞ்சட்டியை ஒழுகும் இடத்துக்கு நேராக வைத்தார். "ஒங்க கணக்கும் என் கணக்கும் ஒண்ணுதானான்னு பாத்தேன்."

அவன் மேல் அவருக்குக் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. அவரை எழுதுவது சிரமம். நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் அவர் இரண்டு வேலை முடித்துவிடுகிறார்.

இன்னொரு விஷயம் இருக்கிறது. யாருக்கும் தெரியாது. இதை எழுதுவதா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அந்த முளைகள் ஜெசிந்தினி அடித்தவை அல்ல. அவள் அடித்தவை டேர்ப்பன்டைன் மரக்குச்சிகள். சரிவு ஈரத்தில் இரண்டு மழைக் காலம் தாங்குவதே அதிகம். முதலாவது உளுத்தது, நான் — றொபின்சன் — புதிதாக ஒன்று சீவி அதே துளையில் இறக்கினான். பிறகு இரண்டாவது. பிறகு நாலும். இதுவரை மூன்று தடவை மாற்றியாயிற்று. இப்போது நிற்கும் முளைகளில் அவளுடைய கை பட்டது எதுவுமே இல்லை. துளைகள் மட்டும்தான் அவளுடையவை.

துளைக்காகத் தளர்வு கேட்க முடியுமா? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

9

கடைசியில் ஷம்ராவே வந்தார். வியாழக்கிழமை, காலை பதினொரு மணி.

"சேர், அடுத்த கிழம கமிட்டி. அதுக்குப் பொறகு ஜனவரிலதான். ஜனவரில ஒங்களுக்கு காணியே இராது. நேர்ல அளந்து ரிப்போர்ட் எழுதப் போறன். பதினஞ்சு மீற்றர் வந்தா சரி. கொறைஞ்சி, காரணமும் இல்லாட்டி, நிராகரிப்புத்தான். முளைய மேல மாத்திட்டீங்கன்னா அளக்கிற வேலையே இல்ல."

நாலு பேரும் சரிவில் நின்றார்கள். எல்லாரும் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி. ஷம்ரா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். தம்பையா வெள்ளைக் கோடு போட்ட கல்லின் பக்கத்தில், ஒன்றும் அறியாதவர் முகத்தோடு நின்றார். பெயின்ட் டின் எதுவும் தென்படவில்லை. இரண்டு முறை பார்த்தேன்.

"மிஸ்" என்றார் அந்தோனியம்மா. "நெர எண்ணினது நானு."

"அப்பிடியாம்மா?"

"மக அப்பவே சொன்னா. 'அம்மா, நாம சரிவுல எண்ணுறோம், பத்தாது, இன்னும் ரெண்டு நெர மேல போகணும்'னு. நான்தான் விடல. மேல போனா ரோட்டுல போறவன் வாறவன் எல்லாம் என் அடுப்ப எட்டிப் பாப்பான்னேன். 'சரிம்மா, இப்ப அடிப்போம், கட்டுறப்ப தள்ளிக்கலாம்'னா. அவளுக்குக் கணக்கு தப்பல. எனக்குத்தான் பிடிவாதம்."

தண்ணீரில் எதுவோ துள்ளி விழுந்தது. தம்பையா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"எனக்குச் சொல்லலியே அவ" என்றான் றொபின்சன்.

"ஒங்களுக்கு எதுக்கு மாப்ள சொல்லணும்? அது எங்களுக்குள்ள உள்ள சண்ட."

இதை எப்படி எடுத்துக்கொள்வது?

உண்மையாக இருக்கலாம். அப்படியென்றால் முக்கோணம் தெரிந்தவள் முக்கோணத்தை மறக்கவில்லை. அவள் மாற்ற நினைத்த இடத்தைத்தான் நான் இரண்டு வருடமாகக் காவல் காத்திருக்கிறேன். மூன்று தடவை குச்சி சீவியிருக்கிறேன்.

பொய்யாகவும் இருக்கலாம். அந்தோனியம்மா சொல்லும்போது மருமகனைப் பார்க்கவில்லை, செருப்பைப் பிடித்திருந்த ஷம்ராவின் கையைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு வீடு வேண்டும். மருமகன் அந்தத் துளைகளை விட்டு நகரவும் வேண்டும். ஒரே பொய்யில் இரண்டும் நடக்கும் என்றால் முப்பத்தெட்டு வருடம் கங்காணிமாருக்குக் கொழுந்து நிறை சொன்னவர் அதைச் சொல்லத் தயங்க மாட்டார்.

சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நானும் அன்று அங்கேதான் நின்றேன். அப்படி ஒரு பேச்சு நடந்ததா? ஞாபகம் இல்லை. அவள் முதுகுதான் ஞாபகம் இருக்கிறது. பச்சைச் சட்டை. முளையை அடிக்கும்போது மூச்சுக்கு மூச்சு எதையோ எண்ணினாள்.

"சேர்" என்றார் ஷம்ரா, மெதுவாக. "என்ன செய்றது? மாத்துவமா?"

"அளங்க மிஸ்."

"அளந்தா கொறையும்னு தெரியும்தானே?"

"தெரியும். அளங்க."

அந்தோனியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டவில்லை. "அளக்கட்டும் மிஸ்" என்றார்.

10

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

ஒன்று. கமிட்டி கூடுகிறது. தலைவர் இந்தத் தாளை வாசித்துக் கண்ணாடியைத் துடைக்கிறார். 'மனிதாபிமான அடிப்படையில்' என்று சிவப்புப் பேனாவால் எழுதுகிறார். — வேண்டாம். அந்தக் கமிட்டியில் ஒன்பது பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வாசிக்கவே ஒரு தேத்தண்ணி வேண்டும்.

இரண்டு. முளைகள் மேலே போகின்றன. வீடு எழும்புகிறது. சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிக்கிறார். அந்தோனியம்மா அடுப்பு மூட்ட, ரோட்டில் போகிறவன் எட்டிப் பார்க்கிறான். றொபின்சன் யன்னலோரம் நின்று குளத்தைப் பார்க்க, அவன் கண்களில்

இல்லை. அந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

மூன்று. தம்பையா மதகை முழுதாகத் திறந்துவிடுகிறார். குளம் வற்றுகிறது. எதிர்க்கரை ஹோட்டல்காரரின் அன்னப் படகுகள் சேற்றில் சாய்ந்து கிடக்க, வெளிநாட்டுக்காரர் படம் எடுக்கிறார்கள். இப்போது எந்தத் திசையில் அளந்தாலும் தண்ணீரே இல்லை, ஆகவே விதியும் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இதுதான். கீழே வயல் செய்கிறவர்கள் என்னைத் தேடி வருவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

வியாழக்கிழமைக்குத் திரும்புவோம்.

ஷம்ரா நாடாவை எடுத்தார். அளக்க இரண்டு ஆள் வேண்டும். அவரோடு வர வேண்டிய உதவியாளருக்கு லீவு. "கீழ் நுனிய யாராச்சும் பிடிக்கணும். நீங்க ஏலாது சேர், நீங்க விண்ணப்பதாரி. அம்மா குடும்பம். தம்பையா ஐயா..." அவரைப் பார்த்தார். "தம்பையா ஐயா வேணாம்."

"ஏன் மிஸ், நான் என்ன செஞ்சேன்?"

"இன்னும் ஒண்டும் செய்யல. அதான்."

பிறகு சுற்றிப் பார்த்தார். "வெளியாள் ஒருத்தர் வேணும். இங்க யாரோடயும் சம்பந்தம் இல்லாத ஆள்."

அந்தச் சரிவில் அப்படி ஒருவர் மட்டும்தான் நின்றிருந்தார். இவ்வளவு நேரமாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, வாய் திறக்காமல்.

இந்தாருங்கள், நாடா நுனி. வெள்ளைக் கோட்டுக் கல்லுக்குப் போங்கள். வழுக்கும், பார்த்துப் போங்கள். செருப்பைக் கழற்றினால் நல்லது.

சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. சரிவில் நாடா பிடிப்பது இப்படி: மேலே இருப்பவர் மண்ணில் வைப்பார். கீழே இருப்பவர் கையைத் தூக்கி, நாடா மட்டமாக வரும் வரை உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரே தடவையில் முடியாது. ஐந்து படியாக ஏறி வர வேண்டும், ஒவ்வொரு படிக்கும் கை தலைக்கு மேல் போகும். அப்படிப் பிடித்தால் நாற்பத்தைந்து அடி வரும். அது சட்டம். கையைத் தூக்காமல் மண்ணோடு மண்ணாக வைத்துக்கொண்டே வந்தால் ஐம்பத்திரண்டு வரும். அது அவர்கள் இருவரும் எண்ணியது. ஷம்ரா நாடாவில் உள்ள இலக்கத்தை மட்டும்தான் வாசிப்பார். உங்கள் கையைப் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியாது. அந்த நேரம் பார்த்து அவர் செருப்பை மாட்டிக்கொள்ளக் குனியவும் கூடும்.

அவள் மேலே போகச் சொன்னாளா, இல்லையா? எனக்கு எப்படித் தெரியாதோ அப்படித்தான் உங்களுக்கும் தெரியாது. ஆனால் உங்களுக்கு அவளைத் தெரியாது. அதனால் உங்கள் கை நடுங்காது.

அந்தோனியம்மா எதையும் பார்க்காதவர் போலத் தூர் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறார். நான் மேலே, முளைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். திரும்பி நிற்கிறேன்.

"ரெடியா?" என்கிறார் ஷம்ரா. உங்களைத்தான் கேட்கிறார்.